வேணாம் அக்காவும் தண்ணி அடுப்பும்

எண்ணெயைக் கெட்டிக் கொழுப்பாக்கும் அந்த ஆலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் ‘வேணாம் அக்கா’தான். மற்ற கட்டடங்களிலிருந்து தள்ளி, கம்பிவேலிக்குள் தனியாக நின்ற ஹைட்ரஜன் கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. அங்கே காரம் கலந்த தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டு, அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பார்கள். ஹைட்ரஜன் குழாய் வழியாக எண்ணெய்க்குப் போகும். ஆக்சிஜன் கூரைக்கு மேலே காற்றோடு காற்றாகப் போய்விடும். வேலிக் கதவருகே யார் வந்து நின்றாலும் அவள் வாயில் முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். போன் உள்ளே வேணாம். அந்த இரும்புச் சுத்தியல் வேணாம், பொறி பறக்கும், வெண்கலத்தை எடு. பெயிண்ட் அடிக்க வந்தீங்களா, சரி, ஆனால் சுரண்டுற மெஷின் வேணாம்.

“அவங்களுக்கு என்னப்பா, வேணாம்னு சொல்றதுக்கே சம்பளம்” என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். அது அவள் காதில் விழும்படியாகத்தான் பேசுவார்கள்.

ஆரம்பத்தில் அவள் எண்ணெயைச் சோதிக்கும் ஆய்வகத்தில் இருந்தாள். ஹைட்ரஜன் கூடத்துக்குப் போக யாரும் முன்வராததால் அவளை அனுப்பினார்கள். போன இடத்திலேயே வேரூன்றிவிட்டாள். ஒருமுறை ஆண்டு விழாவில் ஒவ்வொரு பிரிவையும் பாராட்டிப் பேசிக்கொண்டு வந்த மேனேஜர், அவள் பிரிவு வந்ததும் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஹைட்ரஜன் கூடத்துல இந்த வருஷமும் சொல்லும்படியா எதுவும் நடக்கலை” என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டார். அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கணவரிடம் பொரிந்து தள்ளினாள். “சொல்லும்படியா நடந்திருந்தா அந்த மேடையே இருந்திருக்காது. அதுல நின்னு பேச அவரும் இருந்திருக்க மாட்டார்.”

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். எதையும் துடைத்துப் பார்த்துவிட்டு நிதானமாகப் பேசுவார். “விடேன்” என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே சமாதானம் அது.

ஆலையில்தான் இப்படி என்றால் வீட்டில் கொழுந்தன். கணவரின் தம்பி, மாடி அறையில் குடியிருந்தான். கல்யாணம் ஆகவில்லை. வாஷிங் மெஷின் ரிப்பேர் அவன் தொழில். கை நல்ல கை, செத்துப்போன மோட்டாரைக்கூட எழுப்பி உட்கார வைத்துவிடும். அந்தக் கை சும்மா இருக்கும்போதுதான் வில்லங்கம். ஒரு வருஷம் குளியலறையில் காளான் வளர்த்தான். வீடு முழுக்க இருமியது. இன்னொரு வருஷம் துணி காயப்போடும் கொடிக்கு மோட்டார் வைத்தான். அண்ணனுடைய பேன்ட் அடுத்த தெருவில் கிடைத்தது.

ஒருநாள் அவள் ஷிஃப்ட் முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“அண்ணி, கண்ணை மூடிக்கிட்டு வாங்க.”

அவள் கண்ணைத் திறந்துகொண்டே போனாள். அடுப்பு மேடையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜாடி. உள்ளே கலங்கிய தண்ணீரில் வட்டமான எவர்சில்வர் தகடுகள் வரிசையாகத் தொங்கின. உற்றுப் பார்த்தாள். அவளுடைய டிபன் டப்பா மூடிகள். அவற்றிலிருந்து இரண்டு ஒயர்கள் பழைய பேட்டரி சார்ஜருக்குப் போயின. ஜாடி மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் பித்தளை மூக்கு. பக்கத்தில் சாக்கடை அடைப்பு நீக்கும் காரப்பொடி டப்பா. தண்ணீர் குபுகுபுவென்று நுரைத்துக்கொண்டிருந்தது.

“தண்ணி அடுப்பு அண்ணி! இனிமே சிலிண்டருக்குப் போன் பண்ணிட்டுத் தவம் கிடக்க வேண்டியதில்ல. நீங்க ஃபேக்டரியில பெருசா செய்யறதை நான் சின்னதா செஞ்சிருக்கேன், அவ்வளவுதான்.”

“ரெண்டு கேஸும் ஒரே குழாயிலயா வருது?”

“ஆமா. ரெண்டும் சேர்ந்தாத்தானே நல்லா எரியும்?”

லைட்டர் அவன் கையிலேயே இருந்தது. அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கவில்லை. பிடுங்கினால் பொறி வரும். நேராக வாசலுக்கு ஓடி மெயின் ஸ்விட்சை இறக்கினாள். திரும்பி வந்து எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள்.

“ஃபேனைப் போடட்டுமா அண்ணி?” என்றான் உதவி செய்கிற தோரணையில். மின்சாரம் போனதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

“எதையும் தொடாதே!”

அவனை அவள் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை. அவன் திகைத்துப் போய் நின்றான். சத்தம் கேட்டுக் கணவர் வந்தார். அவள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னாள்.

“அந்தக் கூடத்துல நான் இத்தனை வருஷமா செய்யறது ஒரே வேலைதான். இது ரெண்டும் ஒண்ணு சேராம பாத்துக்கறது. அதுக்குத்தான் அத்தனை மெஷின், அத்தனை மீட்டர், அத்தனை வேலி. நீங்க அது ரெண்டையும் ஒரே ஜாடியில போட்டு என் சமையலறையில மூடி வச்சிருக்கீங்க.”

“ஆர்வத்துல செஞ்சுட்டான், விடேன்” என்றார் கணவர்.

“நீங்க இன்னொரு தடவை அதைச் சொன்னீங்கன்னா இப்போ எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்.”

“சரி அண்ணி, சமையலறையில வைக்க மாட்டேன்” என்றான் கொழுந்தன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அவ்வளவு பணிவாகச் சொன்னதால் அவள் அந்த வாக்கியத்தை எடை போட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அவன் சொன்ன சொல் தவறவில்லை. சமையலறையில் வைக்கவில்லை. மொட்டை மாடிக்குக் கொண்டு போய்விட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தாள். தலைக்கு மேலே லாரி டயர் வெடித்ததுபோல ஒரு சத்தம். எழுந்து மாடிப்படியில் ஏறிய நினைவுகூட அவளுக்கு இல்லை. மேலே போனபோது அவன் நின்றுகொண்டிருந்தான், நல்லவேளை. ஜாடி இருந்த இடத்தில் ஜாடி இல்லை. சுற்றிலும் பிளாஸ்டிக் சில்லு. இடது கை தோள்வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பித்தளை மூக்கில் பற்ற வைத்த தீ குழாய்க்குள்ளேயே பின்னால் ஓடி ஜாடிக்குள் புகுந்திருக்கிறது. அந்தக் கணத்தில் லைட்டர் கைநழுவி விழ, அதை எடுக்கக் குனிந்திருக்கிறான். குனியாமல் இருந்திருந்தால் அந்தக் காரத் தண்ணீர் முழுவதும் கண்ணில்.

அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்து கையை அதன் கீழே நீட்டினாள். சட்டையைக் கிழித்துப் போட்டாள்.

“போதும் அண்ணி, எரியவே இல்ல.”

“வழுவழுன்னு இருக்கா? சோப்பு தேச்ச மாதிரி?”

“ஆமா.”

“அது சோப்பு இல்ல. உங்க தோலு கரையுது. பேசாம நில்லுங்க.”

தொட்டி வற்றும் வரைக்கும் பிடித்தாள். அப்புறம் கணவரைக் கீழேயிருந்து வாளி வாளியாகக் கொண்டு வரச் சொன்னாள். மூச்சு வாங்கக் கொண்டு வந்தவர் “விடேன்” என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மருத்துவமனையில் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றியதால்தான் இதோடு போயிற்று என்றார். எப்படி ஆச்சு என்று கேட்டபோது கொழுந்தன், “பேட்டரி வெடிச்சு...” என்று ஆரம்பித்தான். அவள் குறுக்கே புகுந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். டாக்டர் அவனை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் சாயங்காலம் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு சாப்பிட உட்கார்ந்தவன், இரண்டு வாய் உள்ளே போனதும் யோசனையாகச் சொன்னான். “பிளாஸ்டிக்தான் தப்பு அண்ணி. ஸ்டீல்ல செஞ்சிருந்தா உடைஞ்சே இருக்காது.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஸ்டீல்ல செஞ்சிருந்தா உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டோம். விளக்குமாத்தால கூட்டி எடுத்துட்டுப் போயிருப்போம்.”

கணவருக்குப் புரையேறியது. கொழுந்தன் சிரித்துவிட்டான். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று எழுந்துபோய்ப் பாத்திரங்களை உருட்டினாள். சொல்லி இவனுக்கு ஏறாது. திட்டினாலும் ஏறாது. ஜாடியை உடைத்தால் தொட்டி செய்வான். தொட்டியை ஒளித்தால் டிரம் செய்வான். பாத்திரம் துலக்கி முடிப்பதற்குள் அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. அது நல்ல யோசனைதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரஜன் கூடத்தை முழுவதும் நிறுத்தி, பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டுவார்கள். அந்த வேலைக்குக் கான்ட்ராக்டர் வெளி ஆட்களைக் கொண்டு வருவார். கொழுந்தன் கையில் புதுத் தோல் வந்து டாக்டர் சரி என்று சொன்னபிறகு, அவனையும் சேர்த்துக்கொள்ளும்படி கான்ட்ராக்டரிடம் அவளே சொன்னாள்.

“அவனையா? அங்கேயா?” என்று கணவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“வீடோ கூடமோ, ரெண்டுல ஒரு இடத்துல அவர் இந்த கேஸோட இருந்துதான் ஆகணும்னா, அங்க இருக்கட்டும். அங்க எனக்குத் துணைக்கு மெஷினாவது இருக்கு.”

முதல் நாளே அவனிடம் கறாராகச் சொன்னாள். “தூக்குங்க, கழுவுங்க, துடைங்க. குழாய் இணைப்பு எதையும் தொடக் கூடாது. ஒண்ணையும்.”

“சரி அண்ணி.”

இந்தத் தடவை அந்த ‘சரி’யை அவள் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை எதுவும் தென்படவில்லை.

ஒரே நாளில் கூடம் முழுவதும் அவனுக்குச் சிநேகமாகிவிட்டது. எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்யும் ஃபிட்டர்கூட அவளிடம் வந்து, “அக்கா, உங்க கொழுந்தன் தங்கமான ஆளு” என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

ஆனால் அவன் நினைத்துக்கொண்டு வந்த வேலை வேறு, அங்கே நடந்த வேலை வேறு. அவன் எதிர்பார்த்தது ஏதோ விஞ்ஞானம். கிடைத்தது ரப்பர் அங்கி, வியர்வையில் மங்கும் கண்ணாடி, காரத் தண்ணீரை வடித்த பிறகு ஒவ்வொரு தகடாகக் கழுவுவது. வாயு கசிந்தால் காட்டும் கருவி ஒவ்வொன்றுக்கும் சோதனை வாயு கொடுத்து, அது கத்துகிறதா என்று பார்ப்பது. எல்லாம் பூட்டியபின் உள்ளே தீப்பிடிக்காத நைட்ரஜனை அழுத்தி நிரப்பி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவி, குமிழி வருகிறதா என்று முட்டி போட்டுப் பார்ப்பது. கடைசியில் அழுத்தமானியின் முன்னால் உட்காருவது.

“இந்த முள்ளையே பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

“ஆமா.”

“அது நகரலையே?”

“அதுக்குத்தான் பாக்கறோம்.”

அவன் வாஷிங் மெஷின்காரன். ரிப்பேர் செய்தோமா, ஸ்விட்சைப் போட்டோமா, சுற்றியதா, கிளம்பினோமா என்று பழகியவன். அங்கே உட்கார்ந்து கொட்டாவி விட்டான்.

இயந்திரத்தை ஓட்டும் நாள் வந்தது. மேனேஜர் காலையிலிருந்தே போன் மேல் போன். எண்ணெய் டாங்கில் காத்திருக்கிறது, கேஸ் எப்போ வரும், எப்போ வரும். கூடத்துக்கு வெளியே இருந்த கட்டுப்பாட்டு அறையில் அவள் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். ஆக்சிஜனுக்குள் ஹைட்ரஜன் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் மீட்டர்தான் அவள் கண்ணுக்குள் இருந்தது. ஆரம்பத்தில் சற்றுக் கூடுதலாகக் காட்டும், மின்சாரம் ஏற ஏற இறங்கும். அன்று இறங்கவில்லை. நின்றது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. மணி அடித்தது. நிறுத்தும் பொத்தானை அவள் விரல் தொடும்போதே இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. நைட்ரஜன் உள்ளே பாயும் சீறல் கேட்டது. அப்புறம் ஒரே நிசப்தம். ஃபிட்டர் முணுமுணுப்பைக்கூட நிறுத்திவிட்டார்.

மேசைப் போன் அடித்தது. மேனேஜர்.

“மீட்டர் ஏதாவது தப்பாக் காட்டும்மா. அதை மட்டும் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டு ஓட்டிப் பாரேன்.”

“இப்பத்தான் டெஸ்ட் கேஸ் குடுத்து சரிபாத்த மீட்டர் சார். அது சரியாத்தான் சொல்லுது. நாம கேக்கணும்.”

“இப்போ உனக்கு என்னதான் வேணும்கிற?”

“எனக்கு எதுவும் வேணாம் சார்.”

“அதான் தெரியுமே!” என்று போனை வைத்தார்.

மட்டம் காட்டும் இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் பார்த்தாள். ஹைட்ரஜன் பக்கத்துத் தண்ணீரும் ஆக்சிஜன் பக்கத்துத் தண்ணீரும் சமமாக நிற்க வேண்டும். ஒன்று ஏறியிருந்தது, ஒன்று இறங்கியிருந்தது. ஆக்சிஜன் பக்கம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு சரியாக மூடவில்லை. அங்கே அழுத்தம் குறைந்ததால் ஹைட்ரஜன் அந்தப் பக்கமாக நுழைந்திருக்கிறது. உள்ளே வாயு சுத்தமாக வெளியேறிவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகு ஃபிட்டர் வால்வைப் பிரித்தார். அதன் வாயில் நகத்துண்டு அளவுக்கு ஒரு வெள்ளை டேப். குழாய் மரையில் சுற்றுகிற டேப்.

“இது நான் சுத்தினதில்ல” என்றார் ஃபிட்டர் உடனே. “நான் இப்படி விளிம்பு தாண்டிச் சுத்தவே மாட்டேன்.”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணி... அந்த வால்வுக்கு முன்னாடி இருக்கற மீட்டர் குழாய்க்கு நான்தான் சுத்தினேன். ஃபிட்டர் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தாரு. லேசா இருந்த மாதிரி தெரிஞ்சுது. கொஞ்சம் கூடவே சுத்தினேன், இறுக்கமா இருக்கட்டும்னு.”

அவளுக்குள் வார்த்தைகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. காளானிலிருந்து ஜாடி வரைக்கும் சேர்ந்து கிடந்த அத்தனையும் வாசலில் நெரிந்து, எதுவும் வெளியே வரமுடியாமல் நின்றுவிட்டது. கடைசியில் வந்தது ஒன்றுதான்.

“வால்வைக் கழுவுங்க. முதல்ல இருந்து ஆரம்பிப்போம்.”

“முதல்ல இருந்துன்னா?”

“நைட்ரஜன். சோப்பு. முள்ளு.”

“அந்த ஒரு வால்வை மட்டும் பாத்தா போதாதா?”

“ஒரு இடத்துல நீங்க சுத்தினது தெரிஞ்சுபோச்சு. வேற எங்க கை வச்சீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“வேற எங்கயும் வைக்கலை அண்ணி.”

“இணைப்பைத் தொட மாட்டேன்னும் சொன்னீங்க.”

அவன் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் தொப்பென்று உட்கார்ந்தான். முகம் சிவந்திருந்தது. அவனுக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததே இல்லை. “இத்தனை நாள் வேலை, ஒரு துண்டு டேப்புக்கு! இது மெஷின் இல்ல அண்ணி, மாமியார்!”

ஃபிட்டர் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு முட்டியது. பாதுகாப்புக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மறுபடி நிரப்பி, மறுபடி தடவி, மறுபடி முள்ளின் முன்னால் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை அவன் கொட்டாவி விடவில்லை. நெடுநேரம் கழித்து, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

“அண்ணி, டேப்பு மாட்டினதும் இது தானா நின்னுடுச்சு. என் ஜாடியில எது நிறுத்தியிருக்கும்?”

“எதுவும் நிறுத்தாது.”

அவன் புதுத் தோல் வந்த கையை மற்ற கையால் தடவிக்கொண்டான். மறுநாள் இயந்திரம் ஓடியது. மீட்டர் இறங்கி இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது.

வீட்டில் அவன் பேட்டரி சார்ஜரைத் தேவைப்பட்டவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். டிபன் டப்பா மூடிகளைக் கழுவித் துடைத்து அவளிடம் கொண்டு வந்து கொடுத்தான். கறுத்து அரித்து ஓட்டை விழுந்த அந்த மூடிகளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. “நல்லாத் தேச்சேன் அண்ணி” என்றான். வாங்கிக்கொண்டாள்.

தொல்லை அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, வேறு ரூபம் எடுத்தது. அவள் சமைக்கும்போது சோப்புத் தண்ணீரும் தூரிகையுமாக வந்து சிலிண்டர் குழாயைத் தடவினான். படுக்கையில் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்துவிட்டு ஒரு பிரசங்கம் செய்தான். உறவுக்காரர்கள் போனில் எதையாவது கேட்டால் அவளுக்கு முன்னால் முந்திக்கொண்டு, “நாங்க அங்க என்ன பண்ணுவோம்னா...” என்று ஆரம்பித்தான்.

“நாங்களாம்! கேட்டீங்களா?” என்றாள் கணவரிடம்.

கான்ட்ராக்டர் அவனை மற்ற ஆலைகளுக்கும் இப்படிப்பட்ட வேலைகளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார். அதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிதான். ஒருநாள் அவன் போன காலிலேயே மத்தியானத்துக்குள் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னான். அங்கே ஹைட்ரஜன் ஓடிய குழாய் ஒன்றை, நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்யாமலே வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். நேரமில்லையாம். இவன் மாட்டேன் என்றிருக்கிறான். வாய் பேசுகிறவன் தேவையில்லை என்று கான்ட்ராக்டர் அனுப்பிவிட்டார்.

“தப்புப் பண்ணிட்டேனா அண்ணி?”

அவள் போனை எடுத்துக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் அவர் “ஹலோ” சொன்னதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. அன்றைக்கு டேப்பைப் பார்த்தபோது வாசலில் நெரிந்து நின்ற வார்த்தைகள் அத்தனையும், ஆள் மாறி அவர் தலையில் இறங்கின. அந்தக் குழாயை வேறு யாராவது வெட்டியிருக்கிறார்களா என்பதுதான் அவள் முதலில் கேட்டது. இல்லை, மத்தியானத்துக்கு மேல் வெட்டுவதாக இருக்கிறார்கள் என்றதும், உடனே போய் நிறுத்தும்படி சொன்னாள். நிறுத்திவிட்டுத் தனக்குப் போன் செய்யும்படியும் சொன்னாள். பிறகு அந்த ஆலையின் பொறுப்பாளரையும் தேடிப் பிடித்துப் பேசினாள். கணவர் பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிக்கொண்டே இருந்தார்.

கான்ட்ராக்டர் திரும்பக் கூப்பிட்டபோது அவர் குரல் இறங்கியிருந்தது. நிறுத்தியாகிவிட்டது, நைட்ரஜன் வரவழைத்துவிட்டார்கள் என்றார். கூடவே ஒன்று சொன்னார். “உங்க ஆளை இனிமே நீங்களே வச்சுக்கோங்கக்கா. உங்க கூடத்துக்கு நிரந்தரமா ஒரு கை வேணும்னு உங்க மேனேஜர் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. அங்க போட்டுடறேன். என்னால இந்த மாதிரி ரெண்டு பேரைச் சமாளிக்க முடியாது.”

அவள் போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

“அப்போ வீட்டுலயும் அவன், ஃபேக்டரியிலயும் அவனா?” என்றார் கணவர்.

“நீங்க மட்டும் இப்போ ‘விடேன்’னு சொல்லுங்க, பாக்கலாம்.”

நீட்டிய தண்ணீரை அவரே குடித்துவிட்டார். வாசற்படியிலிருந்து கொழுந்தன் எழுந்து உள்ளே வந்து, ரப்பர் பூட்ஸ் ஆலையிலேயே கொடுப்பார்களா, இல்லை தானே வாங்க வேண்டுமா என்று கேட்டான்.